“ஒரே ஒரு தடவைதான், அதையும் எழுதணுமா?”

வடக்கு வர்ஜீனியாவில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் பருவம் வந்தால் எனக்கு ஒரு வகை ஃபோன் வரும். முதலில் நலம் விசாரிப்பு. அப்புறம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, யார் வீடு விற்றார்கள், யாருக்கு முட்டி ஆபரேஷன். எல்லாம் முடிந்த பிறகு குரல் தணியும். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பையனோட ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான். காலேஜ்ல ஒரே ஒரு தடவை கஞ்சா அடிச்சானாம். செக்யூரிட்டி கிளியரன்ஸ் ஃபார்ம்ல அதையும் எழுதணுமா…”

அந்த ஃபிரெண்டு யார் என்று எனக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்த நாகரிகத்தை நான் கலைப்பதில்லை.

என்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. ஷான்டில்லியில் ராணுவத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் பல வருடம் எஃப்எஸ்ஓவாக இருந்து ஓய்வு பெற்றேன். அதாவது கம்பெனி ஆட்களின் செக்யூரிட்டி கிளியரன்ஸ் தொடர்பான காகிதங்களைக் கவனிக்கும் அதிகாரி. கிளியரன்ஸ் என்பது அரசாங்க ரகசியங்களைக் கையாள ஒருவருக்குத் தரும் அனுமதி. அதைத் தருவதும் மறுப்பதும் அரசாங்கம். என் வேலை படிவம் முழுதாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது, பயிற்சி கொடுப்பது, நடந்தால் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிப்பது. அலுவலகத்தில் பார்த்த எந்தக் கேஸையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதெல்லாம் யாரும் படிக்கக் கிடைக்கும் விதிகளும், அனுமதி வாங்கிக்கொண்டு அடையாளங்களை மாற்றிச் சொல்லும் ஒரு குடும்பத்தின் கதையும்தான்.

பென்டகனிலிருந்து டலஸ் (Dulles) விமான நிலையம் வரை, மேலே மேரிலாந்தில் ஃபோர்ட் மீட் வரை, வேலை விளம்பரங்களில் பாதிக்குக் கிளியரன்ஸ் வேண்டும் என்று இருக்கிற ஊர் இது. நாங்கள் வந்தபோது அந்த விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுவோம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது கிடையாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவர்கள் வளர்ந்தது இங்கேயுள்ள கல்லூரி விடுதிகளில். அப்பா அம்மாவுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அங்கே நடக்கும்.

கிளியரன்ஸுக்கு நிரப்ப வேண்டிய படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. அச்சடித்தால் நூறு பக்கம் தாண்டும். இப்போது எல்லாம் இணையத்தில்தான். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வெளிநாட்டு உறவுகள் என்று போகும். (நம்மவர்களுக்கு வெளிநாட்டுத் தொடர்புப் பகுதியே பெரிய வேலை. கோயம்புத்தூர் மாமா, திருச்சி சித்தி, வாட்ஸ்ஆப்பில் தினமும் பேசும் அத்தை மகள் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக் குறையாமல் பெயர்கள் வரும்.) பெற்றோர்கள் பயப்படுவது அதற்கில்லை. 23ஆம் பிரிவுக்குத்தான்.

23ஆம் பிரிவு போதைப்பொருள் பற்றியது. கடந்த ஏழு வருடத்தில் சட்டவிரோதமாக ஏதாவது பயன்படுத்தினாயா என்று கேட்கும். ஆம் என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விவரம் கேட்கும்: முதலில் எந்த மாதம், எந்த வருடம், கடைசியாக எப்போது, எத்தனை தரம், எந்தச் சூழலில், இனிமேலும் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை. தேதி துல்லியமாக நினைவில்லை என்றால் உத்தேசம் என்று குறிக்க இடம் இருக்கிறது. வாங்கியது, விற்றது, வளர்த்தது, கைமாற்றிவிட்டது எல்லாம் தனிக் கேள்வி. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தினாயா என்பது இன்னொரு தனிக் கேள்வி. அது உனக்கு எழுதியதா, இன்னொருவருக்கு எழுதியதா என்பது பொருட்டில்லை. சில கேள்விகளுக்கு ஏழு வருட வரம்பும் கிடையாது. கிளியரன்ஸ் கையில் இருக்கும்போது எப்போதாவது பயன்படுத்தினாயா என்பது அப்படி ஒன்று. சிகிச்சைக்குப் போகச் சொல்லி யாராவது எப்போதாவது அறிவுறுத்தினார்களா என்பது இன்னொன்று.

அந்தப் பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் இரண்டு வாக்கியங்களை யாருமே படிப்பதில்லை. ஒன்று, மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் மத்திய அரசின் சட்டப்படிதான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. இரண்டாவது, இந்தப் பிரிவில் உண்மையாகச் சொல்லும் பதிலையோ அதிலிருந்து கிடைக்கும் தகவலையோ பின்னால் ஒரு குற்ற வழக்கில் உனக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டோம் என்பது. இதற்கு நேர்மாறானது படிவத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது: தெரிந்தே பொய் எழுதினால் அது குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. ஒருமுறை சேர்த்துப் படித்துப் பாருங்கள். கஞ்சா அடித்தேன் என்று எழுதினால் அந்தப் பதிலை வைத்து வழக்கு வராது. அடிக்கவில்லை என்று பொய் எழுதினால் வரலாம்.

ஆஷ்பர்னில் எங்களுக்கு வேண்டிய ஒரு குடும்பம். அப்பா ஐடி, அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருடம் முடிக்கும்போதே ஒரு கம்பெனியிலிருந்து வேலை, கிளியரன்ஸ் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தேர்வு வாரங்களில் அறைத் தோழனுக்குக் கவனக்குறைவுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆடரால் மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறான். வார இறுதிகளில் கஞ்சா கலந்த கம்மீஸ், அதாவது ஜெல்லி மிட்டாய். மூன்றாம் வருடம் ஒருமுறை பதற்றம் தாங்காமல் கல்லூரி கவுன்சலரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி, சில மாதம் ஆலோசனைக்குப் போய், இரண்டையும் நிறுத்திவிட்டான். கவுன்சலரிடம் போனதே வீட்டில் தெரியாது. படிவம் வந்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னான். அப்பா எனக்கு ஃபோன் செய்தார். இந்த முறை ஃபிரெண்டு என்ற பேச்சில்லை.

நான் போனபோது இட்லியும் வெங்காயச் சட்னியும் வைத்துவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதான் ஆரம்பித்தார்.

“எழுதினா வேலை போயிடும்க்கா. எழுதலைன்னா யாருக்குத் தெரியப் போகுது? போலீஸ் கேஸ் இல்ல, ரெக்கார்டு இல்ல.”

“ரூம்மேட்டுக்குத் தெரியும். அவன் பேரை அட்ரஸ் பகுதியில இவன்தானே எழுதப் போறான்?” என்றேன்.

சமீபத்தில் குடியிருந்த முகவரிக்கு, அங்கே உன்னை அறிந்த ஒருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். விசாரணை அதிகாரி அவரிடம் பேசலாம். அவர் இன்னொருவரைக் காட்டலாம். நண்பன் எல்லாம் காட்டிக் கொடுப்பானா என்று அப்பா கேட்டார். காட்டிக்கொடுக்கும் எண்ணமே இல்லாமல் சொல்வான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒளிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றாது. “ஆமா, எல்லாரும் மாதிரி அவனும் எப்பவாவது கம்மீஸ் சாப்பிடுவான்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போவான்.

அம்மாவின் கவலை வேறு. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “நாளைக்குப் பொண்ணு பாக்கப் போற இடத்துல இது தெரிஞ்சுடுமா?”

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தெரியாது என்பதுதான் பதில். 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம் அந்தப் படிவத்துக்குப் பாதுகாப்பு. கம்பெனியில் என்னைப் போன்றவர்கள் படிவம் முழுமையாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கலாம். அதில் இருப்பதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, மேலாளரிடம் போய்ச் சொல்லவும் கூடாது. விசாரணை அதிகாரி அம்மாவுக்கு ஃபோன் போட்டு “உங்கள் மகன் இன்னதைச் சாப்பிட்டானாமே” என்று கேட்டு மாட்டிவிடமாட்டார்.

பையன் என்னைத் தனியாகக் கேட்டது இது: “ஆன்ட்டி, கவுன்சலிங் போனது எனக்கு எதிரா போகுமா?” அவன் முகத்தில் இருந்த பயம் ஆடரால் பற்றியதல்ல. உதவி கேட்டுப் போனது குற்றமாகிவிடுமோ என்ற பயம். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் வீடுகளில் பிள்ளை குடித்துவிட்டு வந்தால் அதை எப்படி நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யோசிப்போம். மருத்துவரிடம் போனால் ரெக்கார்டு ஆகிவிடும், மறுவாழ்வு மையம் என்றால் மானம் போகும், இன்ஷூரன்ஸில் வரும், ஊருக்குத் தெரியும். கிளியரன்ஸ் விதிகளைப் பொறுத்தவரை இந்த யோசனை எல்லாமே தலைகீழ்.

விதிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். தேசிய உளவுத்துறை இயக்குநர் வெளியிட்ட நான்காவது பாதுகாப்பு உத்தரவு, 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருப்பது. ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டிகள். பணக் கடன், வெளிநாட்டுத் தொடர்பு, குற்றப் பின்னணி என்று ஒவ்வொன்றும் ஒரு கவலையைப் பற்றியது. ஜி குடிப்பழக்கம், எச் போதைப்பொருள், ஈ தனிப்பட்ட நடத்தை. ஒவ்வொன்றிலும் எது பாதகம், அந்தப் பாதகத்தை எது தணிக்கும் என்று இரண்டு பாகம் உண்டு. பயந்துகொண்டு படிப்பவர்கள் முதல் பாகத்தோடு மூடிவிடுவார்கள்.

எச் வழிகாட்டியில் தணிப்பதாகச் சொல்லியிருப்பவற்றைப் பாருங்கள். நடந்தது வெகு காலத்துக்கு முன்னால், அல்லது எப்போதாவது, அல்லது இனி திரும்ப வாய்ப்பில்லாத சூழலில். ஒப்புக்கொண்டு, விட்டொழித்து, விட்டதற்குத் தொடர்ச்சியான சான்று காட்டுவது. கூடப் பயன்படுத்திய சகவாசத்தை விடுவது, இடத்தை மாற்றுவது, இனி தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸைப் பறிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. கடுமையான அல்லது நீண்ட நோய்க்காக எழுதிக் கொடுத்த மாத்திரையில் பழக்கமாகி, பிறகு விடுபட்டது. மருத்துவர் சொன்ன சிகிச்சையை முழுமையாக முடித்து, அதன் பிறகான கவனிப்பையும் முடித்து, மறுபடி வழுக்காமல் இருந்து, இனிப் பயமில்லை என்று தகுதியுள்ள ஒரு மருத்துவ நிபுணர் சொல்வது. அந்தக் கடைசி வரியைத்தான் நான் பையனுக்குக் காட்டினேன். சிகிச்சைக்குப் போனவனிடம்தான் காட்டுவதற்குக் காகிதம் இருக்கும். ரகசியமாகத் தானே நிறுத்திக்கொண்டவன் தன் வாய்வார்த்தையைத்தான் தர முடியும்.

ஈ வழிகாட்டிதான் அப்பாக்கள் படிக்க வேண்டியது. படிவத்தில் வேண்டுமென்றே மறைத்தால் அது நம்பகத்தன்மைக் கேள்வி, போதைப்பொருளைவிடக் கனமானது. ஏனென்றால் இரண்டு வருடம் முன்னால் சாப்பிட்ட கம்மீஸுக்கு நாள் ஆக ஆக வயதாகும்; இன்று எழுதிய பொய் இன்றையது. அதற்கும் தணிப்பு உண்டு: யாரும் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் தானே முன்வந்து உடனே திருத்துவது. இன்னொன்று, ஒரு வக்கீலோ அல்லது இந்த நடைமுறையில் ஆலோசனை சொல்லும் பொறுப்பில் உள்ளவரோ தவறாகச் சொன்னதால் விட்டுப்போனது என்று காட்டுவது. “அப்பா சொன்னார்” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இதை அந்த அப்பாவிடமே சொன்னேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். இருக்கட்டும்.

கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து முழு மனிதனைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பகுதி. அப்போது என்ன வயது, விருப்பப்பட்டுச் செய்ததா, எவ்வளவு அடிக்கடி, மாறியிருக்கிறானா, மறுபடி செய்வானா. அதில் ஒன்று, இதை வைத்து யாராவது மிரட்ட முடியுமா என்பது. உளவு வேலையின் ஆதி பயம் அதுதானே. ஒருவன் தன் அப்பா அம்மாவிடம் உயிரே போனாலும் சொல்லமுடியாது என்று ஒன்றை வைத்திருந்தால், அது இன்னொருவன் கையில் பிடி. வீட்டில் தெரிந்துவிட்டால் பிடி போய்விட்டது. நம் ஊர் மானக் கணக்கில் ரகசியம் பாதுகாப்பு. இவர்கள் கணக்கில் அந்த ரகசியம்தான் ஆபத்து. எனக்கு இந்த விஷயத்தில் இவர்கள் கணக்கு சரி என்றே படுகிறது.

பையன் எல்லாவற்றையும் எழுதினான். இடைக்காலக் கிளியரன்ஸ் தரவில்லை. கம்பெனி அவனை ரகசியம் சம்பந்தமில்லாத வேலையில் உட்கார வைத்தது. அந்த மாதங்களில் அவன் அப்பா எனக்கு எத்தனை முறை ஃபோன் செய்தார் என்பதை விடுங்கள். விசாரணை அதிகாரி நேரில் பேசினார். உட்கார வைத்து உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்துப் போனவனிடம் தேதி, அளவு, யார் கொடுத்தது, யாருக்கெல்லாம் தெரியும் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அவர் முடிவெடுப்பவர் அல்ல, அறிக்கை எழுதுபவர். “வீட்டில் தெரியுமா?” என்ற கேள்விக்குத் தெரியும் என்று சொல்ல முடிந்தது பெரிய நிம்மதியாக இருந்தது என்றான். பிறகு சீக்ரெட் நிலைக் கிளியரன்ஸ் வந்தது.

இதைப் படித்துவிட்டு “உண்மையை எழுதினால் போதும், கிடைத்துவிடும்” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இல்லை. உண்மை எழுதியும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. எவ்வளவு காலம் விட்டிருந்தால் போதும் என்று விதியில் எண் கிடையாது. ஆறு மாதமா, ஒரு வருடமா, மூன்று வருடமா என்று எல்லோரும் கேட்பார்கள்; பொருளையும் எத்தனை தரம் என்பதையும் வயதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கல்லூரியில் சில தடவை கஞ்சா என்பதும் முப்பத்தைந்து வயதில் கொக்கெய்ன் என்பதும் ஒன்றாகாது. கிளியரன்ஸ் வேறு, ஒரு துறையின் சொந்த வேலை விதி வேறு என்பதையும் கலக்கக் கூடாது. எஃப்பிஐயில் சேர விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கஞ்சா கூடாது. மற்ற சட்டவிரோதப் போதைப்பொருட்களுக்குப் பத்து வருடம். 2021 வரை கஞ்சாவுக்கு மூன்று வருடமாக இருந்தது. அந்த வாசல் அங்கேயே மூடிக்கொள்ளும், முழு மனிதன் பேச்சுக்கே இடமில்லை.

இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு என் பதில் சுருக்கமானது: விண்ணப்பிக்காதீர்கள். சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கும் அடிமையாக இருப்பவருக்கும் எந்தத் துறையும் கிளியரன்ஸ் தரவோ புதுப்பிக்கவோ கூடாது என்று பாண்ட் திருத்தம் என்கிற சட்டமே 2008 முதல் இருக்கிறது. முதலில் விடுங்கள், உதவி தேடுங்கள், காலம் போகட்டும். வேலை இன்னும் இருக்கும்.

கஞ்சா விஷயத்தில் இந்த வட்டாரத்தில் குழப்பம் அதிகம். வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல் பெரியவர்கள் கொஞ்சம் வைத்திருக்கலாம். மேரிலாந்தில் 2023 ஜூலை முதல் கடையிலேயே வாங்கலாம். ரசீது தருவார்கள், பையில் போட்டுத் தருவார்கள். பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டப்படி சரி என்றால் தப்பென்ன என்று பிள்ளைகள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் கிளியரன்ஸ் மத்திய அரசின் சமாச்சாரம். அவர்கள் சட்டத்தில் 1970லிருந்து கஞ்சா ஹெராயினோடு ஒரே பட்டியலில் உட்கார்ந்தது. அதைக் கீழ்ப் பட்டியலுக்கு இறக்கலாம் என்று 2024இல் நீதித்துறை முன்மொழிந்தது. அப்படி இறங்கினாலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கித் தின்பதற்கு அது அனுமதியாகாது. முட்டாள்தனமான ஏற்பாடு என்று என்னைக் கேட்டால் சொல்வேன். ஆனால் முட்டாள்தனம் என்று சொல்லும் உரிமை படிவத்தில் வேறு மாதிரி எழுதும் உரிமை ஆகாது.

2021 டிசம்பரில் அப்போதைய உளவுத்துறை இயக்குநர் ஏவ்ரில் ஹெய்ன்ஸ் ஒரு விளக்கம் அனுப்பினார். முன்பு கஞ்சா பயன்படுத்தியது கணக்கில் வரும், ஆனால் அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்று. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய், களிம்பு வாங்குபவர்களுக்கும் அதில் எச்சரிக்கை இருந்தது: போதை தரும் டிஎச்சி லேபிளில் இருப்பதைவிட அதிகமாகக் கலந்திருக்கலாம், பரிசோதனையில் சிக்கினால் பதில் சொல்வது உங்கள் பாடு. கஞ்சாக் கம்பெனிப் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்குவதைப் பற்றியும் இருந்தது. மூட்டுவலிக்கு மகள் வாங்கிக் கொடுத்த களிம்பைத் தடவும் மாமாக்களும், ஆப்பில் பங்கு வாங்கும் மருமகன்களும் இதைக் கவனிக்க வேண்டும், அவர்களுக்குக் கிளியரன்ஸ் இருந்தால்.

இருந்தால் என்பது முக்கியம். கிளியரன்ஸ் வாங்குவதற்கு முன் செய்தது ஒரு வகை. வாங்கிய பின் செய்தது முற்றிலும் வேறு வகை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கை மீறியது ஆகிவிடுகிறது. கொலராடோவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் ஒன்றே ஒன்று என்றாலும் அது பாதகப் பட்டியலில் தனி வரியாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பெற்றோர்கள் பயப்படும் கல்லூரிக் காலத்தைவிட வேலை கிடைத்த பிறகான முதல் இரண்டு மூன்று வருடம்தான் எனக்குப் பயம். காசு இருக்கும், வயதும் அதேதான்.

சரி, குடி. நம்மவர்கள் போதை என்றால் கஞ்சா, ஊசி என்று நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை பேஸ்மென்ட்டில் ஸ்காட்ச் ஓடுவது விருந்தோம்பல். ஜி வழிகாட்டிக்கு அந்த வேறுபாடு கிடையாது. குடிப்பதே குற்றமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, வீட்டில் சண்டை போட்டுப் போலீஸ் வந்தது, வேலைக்குத் தள்ளாடிப் போனது, மருத்துவர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது இவையெல்லாம் கணக்கு. 24ஆம் பிரிவு, குடியால் வேலைக்கோ குடும்பத்துக்கோ பணத்துக்கோ கெடுதல் வந்ததா, போலீஸ் தலையிட்டதா என்று கேட்கிறது. கிளியரன்ஸ் வாங்கி இருபது வருடமான நடுவயது ஆட்கள் இழப்பது பெரும்பாலும் கஞ்சாவால் இருக்காது, இதனால் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். இப்போது தொடர் கண்காணிப்பு வேறு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஐந்து அல்லது பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் மறுவிசாரணை. இன்று ஃபேர்ஃபாக்ஸில் கைதானால் நீங்களே சொல்வதற்கு முன்னால் கணினி சொல்லிவிடக்கூடும். சிகிச்சைக்குச் சேர்ந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மை. 2017இலிருந்து அது விதி. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப் போடுபவர்களைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. தானாகப் போய்ச் சேர்ந்தவருக்கு விதியில் இடம் இருக்கிறது. கோர்ட் அனுப்பி வைத்தவருக்கும் இருக்கிறது, ஆனால் அவர் இன்னும் நிறையக் காட்ட வேண்டியிருக்கும். மனநலம் பற்றிய 21ஆம் பிரிவுக் கேள்வியையே 2016இல் மாற்றி எழுதினார்கள்; ஆலோசனைக்குப் போனாயா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டது மக்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது என்று அவர்களுக்கே உறைத்தது.

மறுப்பு எப்படி வரும் என்றும் கேட்பார்கள். திடீரென்று வராது. ஒப்பந்தக் கம்பெனி ஆட்களுக்கு முதலில் காரண அறிக்கை என்று ஒரு கடிதம்: இன்ன வழிகாட்டியின்படி இன்ன இன்ன சம்பவம் என்று எண் போட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று 20 நாளுக்குள் சத்தியப் பிரமாணத்தோடு பதில் தர வேண்டும். விசாரணை வேண்டும் என்று கேட்டால் டோஹா (DOHA) என்று சுருக்கமாகச் சொல்லும், ராணுவத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தின் நீதிபதி முன்னால் நேரில் நிற்கலாம், வக்கீல் வைக்கலாம், சாட்சிகளைக் கொண்டுவரலாம். கம்பெனி ஆட்களுக்கு இந்த உரிமை கிடைத்தது 1960இல் அதிபர் ஐசனோவர் போட்ட ஆணையால். டோஹா தீர்ப்புகளைப் பெயரை நீக்கிவிட்டு இணையத்தில் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் சீரியல் பார்ப்பதைவிட இதைப் படிப்பது அதிகம். ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை. யார் தன் மனைவியிடம் சொல்லிவிட்டார், யார் பழைய நண்பர்களோடு இன்னும் அதே அறையில் உட்காருகிறார், யார் சான்றிதழ் கொண்டுவந்தார், யார் “இனி செய்யமாட்டேன் என்று நினைக்கிறேன்” என்று இழுத்தார் என்பதெல்லாம் நீதிபதி கவனிப்பார்.

அந்த மேசை சமமானதல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1988இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்று கோர்ட்டில் கேட்டுப் பழகியிருப்போம். இங்கே சந்தேகத்தின் பலன் நாட்டுக்கு. தணிப்பைக் காட்ட வேண்டிய சுமை விண்ணப்பித்தவருடையது.

உண்மையை எழுதச் சொல்கிறீர்களே, அதை அரசாங்கம் பத்திரமாக வைத்திருக்குமா என்று ஒரு பெண் என்னை மடக்கினாள். நல்ல கேள்வி. வைத்திருக்கவில்லை. மத்தியப் பணியாளர் அலுவலகத்தின் கணினிகளுக்குள் புகுந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்களைத் திருடிப் போனது 2015இல் தெரியவந்தது. சீனா என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். எனக்கும் கடிதம் வந்தது. என் குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது முதல் எல்லாம் போயிருக்கும். தன் பழைய போதையை நம்பி எழுதிக் கொடுத்தவர்களின் வரிகளும் அதில் போயின. கொடுமைதான். இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன்: திருடியவன் உன்னை வைத்து என்ன செய்ய முடியும் என்பது, நீ அதை ஏற்கனவே யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய் என்பதைப் பொறுத்தது. அவள் முழுத் திருப்தியோடு போகவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது.

படிவம் நிரப்ப உட்காருபவர்களுக்குச் சில்லறை விஷயம். தெரிந்த உத்தேச மாதத்தை எழுதுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி வட்டமாக்காதீர்கள், பிறகு நேர்முகத்தில் எண் மாறினால் அதுதான் பிரச்சனையாகும். “எதிர்காலத்தில்?” என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினால், ஏன் இல்லை என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், இணையத்தில் கிடைக்கும் அழகான பத்தியை ஒட்டாதீர்கள். ஆலோசகர், மருத்துவர் பெயரும் முகவரியும் எடுத்து வையுங்கள். பல தடவை, பல பொருள், அல்லது கைது என்று இருந்தால் முதலில் இதற்கென்று உள்ள வக்கீலிடம் காசு கொடுத்துப் பேசுங்கள், வாட்ஸ்ஆப் குழுவில் கேட்காதீர்கள்.

என்னிடம் கேட்பதானாலும் பெயரும் கம்பெனியும் வேண்டாம். என்ன பொருள், கடைசியாக எப்போது, அப்போது என்ன வயது, இது போதும். காரண அறிக்கை வந்து 20 நாள் ஓடிக்கொண்டிருந்தால் மின்னஞ்சல் வேண்டாம், நேராக வக்கீலிடம் போங்கள்.